தூரத்துப் பச்சையும் கடன் கொப்பியும்

உயர்தர வகுப்பில் மலையகச் சிறுகதை படிப்பிக்கும் நாட்களில் வருஷா வருஷம் ஒரே கேள்விதான் வரும். "சேர், நம்ம தோட்டத்துக் கதை எல்லாம் ஏன் தோல்வியிலேயே முடியுது?" கேட்கிற பிள்ளை மாறும், கேள்வி மாறாது. ஆரம்பத்தில் 'அது யதார்த்தவாத இலக்கியம்' என்று பல்கலைக்கழகத்தில் படித்ததைச் சொல்லிச் சமாளித்தேன். பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொள்வார்கள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை.

அந்தக் கேள்விக்குத் தாமதமாகக் கிடைத்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் சமூகத்துச் சஞ்சிகையில் இதை எழுத ஒரு காரணம் உண்டு. மலையகத்தின் கதையில் நாமும் இருக்கிறோம். பெரும்பாலும் கடை மேசைக்குப் பின்னால்.

ஆசை வார்த்தையில் தொடங்கும் கதை

வறுமையையும் கைகூடாத கனவையும் பேசும் நவீன நாவல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். கதை வறுமையில் தொடங்குவதில்லை. யாரோ ஒருவர் கொடுத்த வாக்குறுதியில் தொடங்குகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் எழுதிய 'கோபத்தின் கனிகள்' நாவலில் நிலமிழந்த குடும்பங்களைக் கலிஃபோர்னியாவுக்கு இழுப்பது வேலை உண்டென்று அச்சடித்த துண்டுப் பிரசுரம். முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் எழுதிய 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' நாவலில் பஞ்சாபி விவசாயி கங்குவை அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது ஆள் பிடிக்கும் சர்தாரின் வாய். பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்த நாவலில் அதே வேலையைச் செய்பவன் மேஸ்திரி. நம் பக்கத்தில் அவருக்குப் பெயர் கங்காணி.

தமிழ்ப் புனைகதையில் இலங்கைத் தோட்டத்தை ஆழமாகத் தொட்ட முதற் கதைகளில் ஒன்று புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் 'மணிக்கொடி'யில் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து வாசவன்பட்டி மருதி கடல் கடந்து வருவது பிழைப்புத் தேடித்தான். அவள் வந்து விழுந்த இடம் எதுவென்பதைத் தலைப்பே சொல்லிவிடும்.

அந்தக் காலத்துச் சனங்கள் இதை நம்பி வந்தார்களா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இலங்கையில் தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊருக்குள் கதை கட்டப்பட்டதாக இன்றைக்கும் வயசாளிகள் சொல்வார்கள். நம்பினார்களோ இல்லையோ, பஞ்சம் துரத்தும்போது பொய்யும் ஒரு பிடிமானம்.

ஆனால் வாக்குறுதியோடு கூடவே ஒரு கணக்கும் வந்தது. தோட்ட நிர்வாகம் கங்காணிக்கு முற்பணம் கொடுக்கும். அதில் கங்காணி பயணச் செலவு, சாப்பாடு, துணி, ஊரில் இருந்த பழைய கடன் எல்லாவற்றையும் தீர்த்து, அவ்வளவையும் தொழிலாளியின் பேரில் எழுதிவிடுவார். ஒருவர் தோட்டம் மாற வேண்டுமென்றால் அவர் தலையில் உள்ள கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' கையில் இருக்க வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். ஆள் நகரும், கடன் கூடவே நகரும். இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921இல்.

ஆகவே தோட்டத்துக்கு வந்தவர் பூச்சியத்திலிருந்து வாழ்க்கையைத் தொடங்கவில்லை. பூச்சியத்துக்கும் கீழே நின்றுதான் தொடங்கினார். மலையகப் புனைகதையை வாசிக்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 'இவங்க ஏன் முன்னேறல்ல?' என்ற கேள்விதான் மிஞ்சும்.

கனவின் அளவு

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழிதான் தலைப்பு. ஆங்கிலத்தில் வந்தபோது அதற்குக் 'கானல் நீர்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள்.

இதைப் படிப்பிக்கும்போது எனக்கு ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925இல் எழுதிய 'த கிரேட் கட்ஸ்பி' ஞாபகம் வரும். அதில் கட்ஸ்பி தன் மாளிகையில் நின்று, தண்ணீருக்கு அப்பால் தெரியும் ஒரு பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் இழந்த காதலும் ஆசைப்பட்ட அந்தஸ்தும் அந்த வெளிச்சத்தில் இருக்கின்றன. அங்கேயும் தூரத்துப் பச்சை. இங்கேயும் தூரத்துப் பச்சை. வித்தியாசம் என்னவென்றால், கட்ஸ்பி அந்தப் பச்சையை எட்டிப் பிடிக்கவில்லை. நம் ஆட்கள் எட்டிப் பிடித்து, அதற்குள்ளேயே இடுப்பளவு நின்றார்கள். தூரத்தில் செழிப்பாகத் தெரிந்தது, கிட்ட வந்தபோது நாளொன்றுக்கு இத்தனை இறாத்தல் என்று நிறுக்கப்படும் வேலையாக இருந்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மேல்நாட்டுக் கதைகளில் வெற்றிக் கனவு பெரும்பாலும் ஒரு தனி மனிதனுடையது. அவன் தோற்றால் அது அவனுடைய தோல்வி. மலையகக் கதையில் கனவு ஒரு குடும்பத்தினுடையது. அது தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே வருகிறது. இதைத்தான் நான் 'கனவின் அளவு' என்கிறேன்.

முதல் தலைமுறையின் கனவு பெரியது. நாலு காசு சேர்த்து ஊருக்குத் திரும்பி ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும். அது நடக்கவில்லை.

அடுத்த தலைமுறை, இதுவே நம் ஊர் என்று ஏற்றுக்கொண்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தலவாக்கலைத் தொகுதியின் சி.வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், கவிஞர், நாவலாசிரியர். அடுத்த வருஷமே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிரதிநிதியை அனுப்பிய மக்களே நாடற்றவர்கள் ஆனார்கள். சி.வி. பிறகு எழுதிய நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர். தோட்டத்தில் சங்கம் அமைக்க முன்வந்தவன் கடைசியில் போக்கிடம் இல்லாமல் நிற்கிறான். தொழிலும் லயக் காம்பராவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை போனால் கூரையும் போகும். ஒரு தொழிலாளி வாயைத் திறக்க யோசிப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

மூன்றாவது தலைமுறைக்கு வரும்போது கனவு ஓர் அறையாகச் சுருங்கிவிடுகிறது. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' கதையை வாசித்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதற்குள் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, மரணம் எல்லாமே. வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே இருட்டில் படுக்க வேண்டிய நிலைமை ஒரு தகப்பனுக்கு எப்படிப்பட்ட வெட்கத்தைக் கொண்டுவரும் என்பதைக் கூசாமல் எழுதினார். அந்தக் கதையில் யாரும் பணக்காரனாக ஆசைப்படவில்லை. இன்னொரு அறை இருந்தால் போதும். அதுவும் சுலபத்தில் கிடைப்பதில்லை. அவருடைய 'நாமிருக்கும் நாடே' தொகுப்பு 1979இல் வந்தது. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது.

என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இன்னும் சிறிய ஒன்றைக் கேட்கிறது. ஒரு பெண் வழமையைவிடக் கூடுதலாகக் கொழுந்து எடுத்துவிட்டாள். அந்த நிறையை நம்பாமல் அவள் நடத்தையிலேயே சந்தேகம் வருகிறது. அவள் தன் கைத்திறமையை மலையில் நின்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உழைத்ததை உழைத்ததாக ஒத்துக்கொள் என்பதுதான் அவள் கோரிக்கை. கூடுதலாக உழைத்தால் முன்னேறலாம் என்று வகுப்பில் நாம் படிப்பிக்கிறோம். கூடுதலாக உழைத்தவளைக் குற்றவாளியாக நிறுத்திய கதை இது.

நிலம், நாடு, அறை, மரியாதை. கனவு இப்படிப் படிப்படியாக இறங்கி வருவதைக் கதைகளின் வரிசை காட்டுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தகப்பன் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கேட்டது. அப்படியும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் 'தோல்வி' என்று சொல்வது இதைத்தான்.

கடை மேசைக்குப் பின்னால்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கம் நம் சமூகத்தின் கையில் இருந்தது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் 'அசன்பே சரித்திரம்' வெளியிட்டார். குழந்தைப் பருவத்திலேயே எகிப்தில் கடத்தப்பட்டு, பல நாடு சுற்றி, கடைசியில் பெரும் அந்தஸ்துக்கு வரும் ஒருவனின் கதை அது. அந்த நாவல் வந்த காலத்தில் கண்டியைச் சுற்றியிருந்த மலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1869இல் கண்ட இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. 1884இல் தோட்டங்களுக்குப் பணம் கொடுத்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. வெற்றிக் கதையை எழுத சித்திலெப்பை கெய்ரோவுக்குப் போனதில் பிழை காண எனக்குத் தகுதியில்லை. அவர் நோக்கம் வேறு. தூங்கிய சமூகத்தை எழுப்புவது. ஆனால் பக்கத்து மலையின் கதையை நாம் எழுத நெடுங்காலம் எடுத்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிற்காலத்தில் மாத்தளை மண்ணிலிருந்து வந்த அல் அஸூமத் 'அறுவடைக் கனவுகள்' என்ற நாவலில் தோட்ட வாழ்வை எழுதினார். அந்தத் தலைப்பே இந்தக் கட்டுரையின் பொருள்.

என் வாப்பா ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் ஒரு சிறு கடைத்தெருவில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். சனங்கள் அவரை 'நானா' என்பார்கள். அரிசி, மாவு, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய். எல்லாம் கடன். சம்பளம் மாதம் பத்தாந் திகதி. அன்றைக்கு மாலையில் கடையில் நிற்க இடமிருக்காது. பழைய கடனில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, அதே நிமிஷம் புதுக் கடனுக்குச் சாமான் எடுப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். சின்ன வயதில் அந்தக் கொப்பியில் கூட்டல் போடுவது என் வேலை.

வாப்பா தொழுகையாளி; வட்டி வாங்காதவர். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. கைக்காசுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை இருந்தது. அது வியாபாரம் என்று வாப்பா சொல்வார். மார்க்கத்தில் தவணை விற்பனைக்கு இடமுண்டு என்பதும் எனக்குத் தெரியும். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் தோட்டத்துக் கதைகளில் கடைக்கடன் என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் அந்தக் கூட்டல் என் கையெழுத்தில்தான் கண்முன் வருகிறது. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுப்பதும், விட்டுக்கொடுப்பது அதைவிட மேலென்பதும் சூரத்துல் பகராவின் 280ஆம் வசனம் தரும் போதனை. வியர்வை காயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஹதீஸ் சொல்லும் செய்தி. இந்த இரண்டையும் ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவற்றை வைத்து மலையகக் கதைகளை வாசித்தோமா?

இதில் நாம் ஒரேயடியாக அந்தப் பக்கத்து ஆட்களும் அல்ல. இந்தியாவிலிருந்து வந்து தோட்டத்து நகரங்களில் கடை வைத்த முஸ்லிம்களைக் குடிசன மதிப்பீடு 'இந்தியச் சோனகர்' என்று தனியாகப் பதிந்தது. பிரஜாவுரிமைச் சட்டங்கள் அவர்களில் பலரையும் விண்ணப்பமும் கையுமாக அலையவைத்தன. கடைக்காரனும் கடன்காரனும் ஒரே வரிசையில் நின்ற காலம் அது.

ஒப்பாரிக் கோச்சி

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று முடிவானது. அந்த மிச்சத்தையும் 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை இன்னொரு நாட்டுக்கும் பிரிந்துபோன குடும்பங்கள் பல. தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கம் அந்தப் பெயரையே தன் கதைத் தொகுப்புக்கு வைத்தார். போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. தேயிலையை விட்டுத் தப்பிப்பதாக நினைத்துப் போனவர்களில் பலர் மறுபடியும் கூடையைத்தான் மாட்டினார்கள்.

வாப்பாவின் கொப்பியில் அந்தக் காலத்துப் பக்கங்கள் உண்டு. சில பெயர்களுக்கு நேரே கோடு இழுத்து 'இந்தியா' என்று எழுதியிருக்கிறது. "போய்ச் சேந்து அனுப்புறோம் நானா" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். ஒரு குடும்பம் கடன் தீர்க்க வழியில்லாமல் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து வைத்ததாம். வாப்பா வாங்கிக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குடம் வெகுகாலம் எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்கப் பயன்பட்டது.

ஆயிரம் ரூபா

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்கக்கூடாது. நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். ஆறு வருஷம். அடுத்த வருஷமே நாடு முறிந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத உயரத்துக்குப் போயின. கேட்ட தொகை கைக்கு வந்தபோது அதன் பெறுமதி போய்விட்டது. அந்த நாட்சம்பளமும் முழுப் பேர் விழுந்தால்தான். அதற்கு 16, 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அளவு உண்டு. குறைந்தால் அரைப் பேர். இதை ஒருவர் கதையாக எழுதினால், முடிவு செயற்கையாக இருக்கிறது என்று விமர்சகர்கள் சொல்லியிருப்பார்கள்.

இப்போதைய கனவு கல்வி. க.பொ.த. உயர்தரம் முடித்த பிள்ளைகள் என் கண்முன்னாலேயே கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போயிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் போனவர்களும், ஆசிரியர்களாக வந்தவர்களும் இருக்கிறார்கள். இன்றைக்கு என்னோடு படிப்பிக்கும் சிலர் லயத்தில் பிறந்தவர்கள்தான். அதனால் நான் பிள்ளைகளிடம் 'முன்னேறவே முடியாது' என்று சொல்வதில்லை. முன்னேறியவர் எத்தனை பேரின் தோளில் ஏறி வந்தார் என்பதைக் கேட்கச் சொல்கிறேன்.

பிள்ளையின் கேள்விக்கு விடை

ஏன் தோல்வியிலேயே முடிகிறது? என் விடை இதுதான். தோட்டத்தில் இரண்டு கணக்குப் புத்தகம் இருந்தன. ஒன்று தோட்டத்துச் செக்ரோல். மற்றது எங்களைப் போன்றவர்களின் கடன் கொப்பி. இரண்டிலும் தொழிலாளி ஒரு பெயரும் ஒரு தொகையும்தான். எவ்வளவு கொழுந்து எடுத்தார், எவ்வளவு கடன் வைத்தார் என்று தெரியும். என்ன ஆசைப்பட்டார் என்று இரண்டிலும் எழுதியிருக்காது. அதை எழுதிவைத்தது கதை மட்டும்தான். கதையில் தோற்பவர் சோம்பேறியாகவோ முட்டாளாகவோ இருப்பதில்லை. நன்றாக உழைத்தும் தோற்கிறார். அப்படியென்றால் பிழை கணக்கில் இருக்கிறது, ஆளில் இல்லை. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தக் கதைகள் அழுகையாகத் தெரியாது.

2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாக ஒரு பயணம் போனார்கள். அன்றைய மூதாதையர் கொலராவிலும் காட்டிலும் செத்துவிழுந்து நடந்த பாதை அது. அந்தச் செய்தியை வாசித்த இரவு வாப்பாவின் கொப்பிகளை எடுத்துத் தூசி தட்டினேன். பூச்சி அரித்தது போக ஐந்து மிஞ்சியிருந்தன.

இச்சஞ்சிகையின் வாசகர்களில் பலரது குடும்பங்களுக்கு ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, பண்டாரவளைப் பக்கம் கடைகள் இருந்திருக்கும். பழைய கொப்பிகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம். அவற்றில் ஒரு சமூகத்தின் அரிசியும் மாவும் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதக்கூடிய இளைஞர்கள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், நாம் நின்ற இந்தப் பக்கத்திலிருந்தும் கதை எழுத வேண்டும். நம்மை நல்லவர்களாகக் காட்டுவதற்காக அல்ல. அந்தப் பித்தளைக் குடத்தை வாங்கியவர் யார், வைத்துவிட்டுப் போனவர் யார் என்று இரண்டு பேரின் பேரப்பிள்ளைகளும் தெரிந்துகொள்வதற்காக.

போன தவணையில் கேள்வி கேட்ட பிள்ளையிடம் அந்தக் கொப்பியில் ஒன்றைக் காட்டினேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றாள். "சேர், இது எங்க தோட்டத்து டிவிஷன் பேர்" என்றாள். பிறகு பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கத் தொடங்கினாள். மணி அடித்த பிறகும் அவள் எழும்பவில்லை.